வேண்டியதற்கு மேல் பொடித்த கல்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து இரண்டு பேர் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையில் ஒரு பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். அதைப் பார்த்ததுமே எனக்கு யார் பாட்டில், என்ன பாட்டில் என்று தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.

"புது மெஷின் வருது சார். அலமாரியை எல்லாம் காலி பண்றோம். இந்த பாட்டில் மேல மேடம் கையெழுத்துல 'உபயோகிக்காதே, தூக்கியும் போடாதே'ன்னு ஒட்டியிருக்கு. மேடத்தைக் கேட்டா, சண்முகவேல் சாரைப் போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டு சிரிக்கிறாங்க."

கேட்டவர்களுக்கு அன்று பாதிதான் சொன்னேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இது அந்த மீதி.

நான் அடிப்படையில் சிமெண்ட்காரன். விருதுநகர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அங்கே எங்களுக்கு ஒரே ஒரு தெய்வம்தான், அதன் பெயர் நைசு. சூளையில் வெந்த கிளிங்கர் கட்டியை எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ அவ்வளவு நல்ல சிமெண்ட். சல்லடையில் ஒரு சிட்டிகை அதிகமாகத் தங்கினாலே மேலதிகாரி முகம் கோணும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பொடியைத் தேய்த்துப் பார்த்தே அரைவை போதுமா போதாதா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஆலை மூடப்பட்டபோது அந்தத் திமிரைத் தவிர வேறொன்றும் கையில் மிஞ்சவில்லை. ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தேன். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், யாராவது வேலை இருக்கிறது என்று சொல்ல வருகிறார்களோ என்று எட்டிப் பார்த்த வருடம் அது.

மைத்துனர் ஒருவர் ஓசூரில் லேத் பட்டறையில் இருந்தார். அவர் சொல்லித்தான் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்த அந்தச் சின்ன தனியார் ஆய்வகத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு வருட ஒப்பந்தம், வேலை பிடித்தால் இன்னொரு வருடம் என்று சேர்த்துக்கொண்டார்கள். வேலை என்ன என்று கேட்டால், தொழிற்சாலைகளில் தொழிலாளி மூச்சில் இழுக்கும் தூசியைப் பிடித்து வந்து, அதில் குவார்ட்ஸ் எவ்வளவு என்று அளப்பது. இந்தப் பக்கத்தில் வெங்கச்சங்கல் என்பார்களே, அந்த வெள்ளைக் கல்தான் குவார்ட்ஸ். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கிற இடம், ஓசூரில் வார்ப்படச் சாலை, ராயக்கோட்டை சாலையில் கல்லைப் பொடியாக்கும் மில் என்று எங்கே போனாலும் அது காற்றில் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொண்டு, கிளம்பவே கிளம்பாது.

ஆய்வகத்தின் தலைமை வரலட்சுமி மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பாகலூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, பள்ளியில் கன்னடம், எங்களிடம் தமிழ். சேர்ந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் ஏதோ ஒரு விடையைச் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "எதை வெச்சு சொல்றீங்க சார்?" என்று மட்டும் கேட்டார். இருபத்திரண்டு வருட அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன் என்றேன். "அது சரி. பேப்பர்ல எது இருக்கு?" என்றார். வீட்டுக்கு வந்து மனைவி கல்யாணியிடம் பொருமித் தீர்த்தேன். "உங்களைக் கேள்வி கேக்க இந்த ஊர்ல ஒரு ஆளாவது இருக்கே" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

மேடம் எடை போடுவதை நின்று பார்க்க வேண்டும். வளையல்களைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைப்பார். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துவார். தூசி பிடிக்கும் வடிதாளை இடுக்கியால் எடுத்து, அதில் தேங்கிய மின்னேற்றம் போக ஒரு நிமிடம் காத்திருந்து, தராசின் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணுவார். முப்பது வரை எண்ணிய பிறகுதான் எண்ணைப் படிப்பார். எடுத்து மறுபடி வைத்து மறுபடி எண்ணுவார். இரண்டு எடையும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை. அந்த நேரத்தில் முதலமைச்சரே வந்தாலும் வாசலில்தான் நிற்க வேண்டும். எங்கள் தராசு அளந்ததெல்லாம் ஒரு எறும்பின் காலைவிடக் குறைவான எடை. அவசரப்பட்டால் நம் மூச்சுக்காற்றையே எடை போட்டுக்கொண்டிருப்போம் என்பார்.

மற்ற வேலைமுறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தொழிலாளியின் இடுப்பில் ஒரு சின்ன பம்பைக் கட்டுவோம். அதிலிருந்து குழாய் தோள் மேலேறிக் கழுத்துப்பட்டிக்கு அருகில் முடியும். முனையில் கட்டைவிரல் அளவில் ஒரு சுழல்கிண்ணம். உள்ளே இழுக்கப்படும் காற்று அதில் சுழலும்போது பெரிய தூசி கீழே விழுந்துவிடும், நுண்தூசி மட்டும் மேலே போய் வடிதாளில் படியும். அதாவது மூக்கும் தொண்டையும் செய்கிற வேலையை அந்தக் கிண்ணம் செய்யும். ஷிப்ட் முடிந்ததும் கழற்றி எடுத்து வருவோம். வடிதாளை உலையில் எரித்தால் கல் தூசி மட்டும் சாம்பலில் மிஞ்சும். அதை ஒருவகை உப்போடு மெதுவாகக் கலந்து, அழுத்தி, கண்ணாடி போன்ற ஒரு வில்லை செய்வோம். வில்லையை இன்ஃப்ராரெட் ஒளி பாய்ச்சும் கருவியில் வைத்தால் காகிதத்தில் ஒரு கோடு ஓடும். குவார்ட்ஸ் இருந்தால் அந்தக் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் மாட்டுக்கொம்பு மாதிரி இரட்டை முகடு எழும்பும். முகடு எவ்வளவு உயரமோ அவ்வளவு குவார்ட்ஸ்.

எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு எடை? அதற்குத்தான் தரப்பொடி. எடை தெரிந்த சுத்தமான குவார்ட்ஸ் பொடியில் வில்லைகள் செய்து, அவற்றின் முகடுகளை முதலில் குறித்து வைத்துக்கொள்வோம். பிறகு வருகிற தூசியெல்லாம் அந்த அளவுகோலில்தான் அளக்கப்படும். தரப்பொடி வெளிநாட்டிலிருந்து வரும். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் ஒருமுறை அது தீர்ந்துபோனது. புதிய பாட்டில் சென்னைச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு வரவே இல்லை. மாதிரிகள் குவிந்துகொண்டிருந்தன. "நாமே தயார் பண்ணிக்கலாம்" என்ற மேடம், செய்முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சுத்தமான குவார்ட்ஸை நன்றாகப் பொடித்து, திரவத்தில் கலக்கித் தெளியவிட்டு, நுண்பகுதியை எடுத்துக்கொள்ளவும் என்பது அதன் சாரம்.

நன்றாகப் பொடிக்க வேண்டுமாம். சிமெண்ட்காரனிடம் இதைச் சொன்னால் விடுவானா? மூன்று நாள் அரைத்தேன். விரலில் தேய்த்துப் பார்ப்பது, மறுபடி அரைப்பது. பிறகு திரவத்தில் கலக்கி நிற்க வைத்தேன். கனமான துகள் முதலில் அடியில் உட்காரும், லேசானது மேலேயே மிதக்கும். மேலே நின்றதை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றினேன். அதையும் நிற்க வைத்து மறுபடி மேலே நின்றதை மட்டும் எடுத்தேன். ஒரு தடவை போதும் என்ற இடத்தில் நாலு தடவை. கடைசியில் கிடைத்த பொடி முகத்துக்குப் பூசும் பவுடர் தோற்றுப்போகும்படி இருந்தது. விரலில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை. அடியில் தங்கிய சொரசொரப்பான வண்டலையும் தூக்கிப்போட மனமில்லாமல் ஒரு ஜாடியில் போட்டு மூடிவைத்தேன். மேடத்திடம் பாட்டிலைக் காட்டினேன். "அழகா இருக்கு சார்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அது. அன்று கல்யாணிக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போனேன் என்று நினைவு.

அடுத்த இரண்டு மாதத்தில் அந்தப் பொடியை வைத்துப் பதினொரு அறிக்கைகள் போயின. அதில் ஒன்று உத்தனப்பள்ளிக்கு அருகில் ஒரு கல்பொடி மில்லுக்கு. அங்கே பொடியைச் சாக்கில் நிரப்பி மூட்டை பிடிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர் ரத்தினம்மா. முப்பது வயதிருக்கும். சில மாதங்களாக விடாத இருமல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் இன்னும் வடு விழவில்லை, ஆனால் இந்தத் தூசியிலேயே நின்றால் விழும், விழுந்தால் போகாது என்று சொல்லிவிட்டார். வேலையை விட முடியாது. ஊரில் இருந்த ஒன்றரை ஏக்கரில் போர்வெல் வற்றிப்போய் இரண்டு வருடமாகி, கணவரும் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மில் முதலாளியும் கொடுமைக்காரர் இல்லை. மூட்டை பிடிக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் குழாய் போட்டுத்தரச் சொல்லி ரத்தினம்மாவும் கூட வேலை செய்தவர்களும் கேட்டபோது, "டெஸ்ட் பண்ணுவோம். சட்டம் சொல்ற வரம்புக்கு மேல இருக்குன்னு எழுத்துல வந்துச்சுன்னா கண்டிப்பா போட்டுத் தரேன். எழுத்துல இருந்தாதான் பெங்களூரு பார்ட்னர் ஒத்துக்குவாரு" என்றிருக்கிறார். பம்பைக் கட்டப் போனது நானும் ஒரு உதவியாளரும். இரண்டு பேருக்குக் கட்டினோம், ஒருவர் ரத்தினம்மா. ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்கு மட்டும் இரண்டு கிண்ணம், இரண்டு வடிதாள் வைப்பது வழக்கம், இங்கே அது ரத்தினம்மாவுக்கு: ஒன்று ஆய்வுக்கு, ஒன்று கையிருப்புக்கு.

ஆய்வு முடிவு வரம்புக்குக் கொஞ்சம் கீழே வந்தது. வரம்புக்குள் என்றால் வரம்புக்குள்தான். மேடம் கையெழுத்துப் போட்டார், அறிக்கை போனது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ரத்தினம்மா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். மேடம் வெளியே போயிருந்தார். மில் நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்த அறிக்கையின் ஜெராக்ஸ் கையில் இருந்தது. அதை மேஜையில் விரித்து வைத்தார்.

"சார், அன்னிக்கு இந்த டப்பாவ இடுப்புல கட்டிக்கினு நாள் பூரா நின்னேன். ஒண்ணுக்குக்கூட போவுலீங்க. போனா உங்க கணக்கு தப்பிப் போவும்னு அடக்கிக்கினு நின்னேன். இப்ப பேப்பர்ல ஒண்ணுமில்லன்னு போட்டிருக்குதுன்னு சொல்றாங்கோ. அப்ப என் நெஞ்சு பொய் சொல்லுதுங்களா?"

"அப்படி இல்லம்மா. மெஷின் சொல்றதைத்தான் நாங்க எழுதுவோம்."

"மெஷினுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தது?"

எனக்குக் கோபம் வந்தது. நாலு தடவை தெளிய வைத்தவனைப் பார்த்து இப்படிக் கேட்கிறாரே என்ற கோபம். இந்த வேலையில் எங்கள் ஆய்வகத்தில் தப்பு வராது என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் மேஜையில் கிடந்த வெள்ளைத் தாளின் மேல் ஒரு உதறு உதறினார். "இதையும் உங்க மெஷின்ல வெச்சுப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

தலைத்துண்டுத் தூசி சாட்சியாகாது. அதில் மூச்சுக்குள் போகாத பெரிய துகளும் இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் தாளை எடுத்துக் குப்பையில் போடக் கை வரவில்லை. சும்மாதான் அதில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உடைந்த பாட்டில் சில்லுகள் போலக் கூர்கூராகக் கிடந்தன. பக்கத்தில் என் தரப்பொடியை வைத்துப் பார்த்தேன். புள்ளிகள்தான். புள்ளி என்று சொல்வதுகூட அதிகம். கையிருப்பில் இருந்த ரத்தினம்மாவின் இரண்டாவது வடிதாளை எடுத்து அதிலிருந்து கொஞ்சம் வைத்தேன். அது சுழல்கிண்ணம் வழியாகப் போன, நுரையீரலுக்குள் போகக்கூடிய தூசி. தலைத்துண்டுத் தூசியைவிடப் பொடிசுதான். ஆனால் என் தரப்பொடியைவிடத் தெளிவாகப் பெரியது.

ஜாடியில் மூடி வைத்த வண்டல் ஞாபகம் வந்தது. அதையும் மறுபடி தெளியவிட்டு, ரத்தினம்மாவின் வடிதாளில் இருந்த அளவை ஒத்த துகள்களைப் பிரித்தேன். அதில் ஒரு எடை, என் நைசுப் பொடியில் அதே எடை, இரண்டு வில்லை. இரண்டும் ஒரே கல், ஒரே எடை, ஒரே கருவி. நைசுப் பொடியின் முகடு ஓங்கி நின்றது, மற்றது அதன் தோளுக்குத்தான் வந்தது.

மிளகை நினைத்துக்கொண்டால் இது புரியும். பத்து மிளகை இரண்டாக உடைத்து ரசத்தில் போட்டால் ஒரு காரம், பொடித்துப் போட்டால் வேறு காரம். மிளகு அதே பத்துதான். ஒளியும் அப்படித்தான், பெரிய துகளின் உட்பகுதியை அது சரியாகத் தொடுவதில்லை, பொடிசாக இருந்தால் எல்லாவற்றையும் தொட்டுவிடுகிறது. இப்போது, பொடித்த மிளகின் காரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு உடைத்த மிளகு போட்ட ரசத்தை ருசித்தால் நாக்கு என்ன சொல்லும்? மிளகு கம்மி என்று சொல்லும். இரண்டு மாதமாக எங்கள் கருவி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எங்கள் தூசி எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவில்தான் தரப்பொடியும் இருக்க வேண்டும். அதைவிட நைசாக இருப்பது அதைவிட மேலானதல்ல, வெறும் தப்பு. இருபத்திரண்டு வருட சிமெண்ட் என்னை அந்தக் கேள்வியைக் கேட்கவே விடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று மதியம் முழுவதும் மேடத்திடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுங்கத்திலிருந்து புது பாட்டில் எப்படியும் வந்துவிடும், அதற்கு மாறிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு குரல். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. மகள் பொறியியல் மூன்றாம் வருடம். மறுபடி வீட்டு வாசலில் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்கும் வாழ்க்கையை நினைத்தால் பயமாக இருந்தது. இன்னொரு பக்கம், அடக்கிக்கொண்டு நின்றேன் என்று அந்த அம்மா சொன்னதுதான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. என் கணக்கு தப்பக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க அவர் நின்றிருக்கிறார். நான் இங்கே சௌகரியமாக உட்கார்ந்து அதைத் தப்பாக்கியிருக்கிறேன்.

நாலு மணிக்கு மேடம் திரும்பி வந்தார். அவர் கைப்பையை வைக்கும் முன்பே, "மேடம், தப்பு நடந்து போச்சு" என்று இரண்டு வில்லையின் காகிதத்தையும் நீட்டினேன். வழக்கமான கேள்வியை எதிர்பார்த்தேன். ஆனால் அன்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, காகிதத்தில் எல்லாம் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் மூன்று பொடியையும் பார்த்தார். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, அதே எடைகளில் இன்னும் இரண்டு வில்லை செய்யச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். மறுபடியும் அதே முகடுகள்.

"எத்தனை ரிப்போர்ட் போயிருக்கு?"

"பதினொண்ணு."

"எல்லாத்தையும் திரும்ப வாங்கிடலாம்."

அவ்வளவுதான். திட்டு வரும், அழுகை வரும், குறைந்தபட்சம் ஒரு பெருமூச்சாவது வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. டெலிபோனை இழுத்து வைத்துக்கொண்டு, நின்றபடியே பதினொரு இடத்துக்கும் ஒவ்வொன்றாகப் பேசினார். தெலுங்குக்காரரிடம் தெலுங்கில், கன்னடக்காரரிடம் கன்னடத்தில், ஆனால் எல்லாரிடமும் ஒரே வாக்கியம், எங்கள் அளவுகோலில் பிழை, அறிக்கையை உபயோகிக்காதீர்கள், மறுபடி செய்து தருகிறோம். ஒரு வார்ப்படச் சாலைக்காரர் கத்தியது எனக்கே கேட்டது. அவர் அதற்குப் பிறகு எங்களிடம் வரவே இல்லை.

அறிக்கைகளைத் திரும்பப் பெறும் கடிதங்களில் செய்தவர் பெயர் போடும் இடம் ஒன்று உண்டு. நான் என் பெயரை எழுதி வைத்திருந்தேன். மேடம் அதை அடித்துவிட்டு, தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மேடம், அரைச்சது நான்."

"நன்றாகப் பொடிக்கவும்னு எழுதினது நான் சார். எவ்வளவு நன்றாகன்னு எழுதல. அழகா இருக்குன்னு சொன்னதும் நான்தான். மைக்ராஸ்கோப்ல ஒரு தடவை பார்த்திருக்கணும்." கடிதத்தை மடித்துக்கொண்டே, "நீங்க வந்து சொல்லலைன்னா எனக்கு எப்பவுமே தெரிஞ்சிருக்காது" என்றார்.

நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். நல்லது நடந்தால் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்பவர்கள் நிறைய. தப்பில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட ஒரே ஆள் வரலட்சுமி மேடம்தான்.

அடுத்த நாள் இருவரும் மில்லுக்குப் போனோம். முதலாளி நியாயமாகவே கொதித்தார். "போன வாரம் பாஸ்னீங்க, இந்த வாரம் தப்புன்றீங்க. அடுத்த வாரம் என்ன சொல்லுவீங்க? எதை நம்பச் சொல்றீங்க?"

"எங்களை நம்ப வேண்டாம். நீங்களே வந்து பக்கத்துல நின்னு பாருங்க" என்றார் மேடம். அளவுகோலை அவர் கண்ணெதிரிலேயே செய்து காட்டுவதாகவும் சொன்னார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் எங்கள் ஆய்வகத்தில் இன்றுவரை நடக்கிறது. கடையில் ஒரு மீன் தொட்டியும், தண்ணீருக்குள் குமிழி விடும் அதன் காற்று மோட்டாரும் வாங்கிவரச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மீன் எத்தனை வாங்க என்று கேட்டதற்கு முறைத்தார். தொட்டியின் மேலே கண்ணாடி வைத்து விளிம்பெல்லாம் டேப் ஒட்டி மூடினோம். உள்ளே கொஞ்சம் சுத்தமான குவார்ட்ஸ் பொடி. மோட்டாரிலிருந்து வரும் காற்று அதைக் கிளப்பிவிட, தொட்டி முழுக்கப் புகைமூட்டம். அதே சுழல்கிண்ணத்தை, அதே பம்போடு, அதற்குள் தொங்கவிட்டோம். ரத்தினம்மாவின் கழுத்தருகே அந்தக் கிண்ணம் எதைப் பெரிது என்று தள்ளியதோ அதையே இங்கேயும் தள்ளியது, எதை உள்ளே விட்டதோ அதையே விட்டது. வடிதாளில் படிந்ததை எடை போட்டு, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். தூசியும் தரப்பொடியும் ஒரே வாசல் வழியாக வந்தவை. யாரும் விரலில் தேய்த்து நைசு பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முதலாளி இரண்டு நாள் வந்து நின்று பார்த்தார். இரண்டாம் நாள் அவரே மோட்டாரை அணைத்து உதவினார்.

ரத்தினம்மாவுக்கு மறுபடி பம்பைக் கட்டப் போனபோது அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "உங்க நெஞ்சு பொய் சொல்லலம்மா. நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப இன்னிக்கும் ஒண்ணுக்குப் போவாம நிக்கணுங்களா?" என்று கேட்டார். தாராளமாகப் போகலாம் என்றேன். "அத மொதல்லயே சொல்ல மாட்டீங்களா சார்!" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்து அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பம்பு கட்டும்போது என்னென்ன செய்யலாம் என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அன்றுதான் எங்கள் செய்முறைத் தாளில் ஏறியது.

பதினொரு அறிக்கையில் எட்டு, திருத்திய பிறகும் வரம்பின் அதே பக்கத்திலேயே இருந்தன. இரண்டு வரம்பை நெருங்கின. வரம்பைத் தாண்டியது ஒன்றே ஒன்று, ரத்தினம்மாவுடையது. முதலாளி முனகினார், பார்ட்னரோடு சண்டை போட்டார், ஆனால் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. உறிஞ்சு குழாய் வருவதற்கு மூன்று மாதம் ஆனது. அதுவரை மூட்டை பிடிப்பவர்களை முறை வைத்து மாற்றினார்கள். ரத்தினம்மா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாக்குத் தைத்தார். குழாய் போட்ட பிறகு நாங்கள் எடுத்த மாதிரியில் இரட்டை முகடு காகிதத்தில் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்கும்படி குறைந்திருந்தது. அந்தக் காகிதத்தை நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், ஐம்பத்தெட்டு வயது வரை. நைசுப் பொடி பாட்டிலை நான் கழுவிக் கவிழ்க்கப் போனபோது மேடம் வாங்கி அதன் மேல் அந்தச் சீட்டை ஒட்டினார். வந்த இருவரிடமும் நான் சொன்னது இதுதான்: புது மெஷின் வரட்டும், நல்லது. ஆனால் அதற்கும் யாராவது ஒருவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பாட்டிலை அலமாரியில் அதே இடத்தில் வையுங்கள்.

பாட்டிலைக் கொண்டுபோனவர்களிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. ஓய்வு பெற்ற அடுத்த வாரம், நல்லபடியாக முடித்ததற்குச் சாமிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கல்யாணி என்னை ஓசூர் மலைக்கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வண்டிப் பாதை இருந்தும் படியேறித்தான் போக வேண்டும் என்பது அவள் வேண்டுதல். பாதிப் படியிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து தேங்காய்த் தட்டோடு ஒரு அம்மா விறுவிறுவென்று ஏறி வந்தார். தாண்டிப் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"சார்! மில்லுல டப்பா கட்ட வருவீங்களே, அந்த சார்தானே நீங்க?"

ரத்தினம்மா. அதே மில்லில்தான் இருக்கிறாராம், மூட்டைப் பகுதிக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. இருமல் போன இடம் தெரியவில்லை, வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். எங்க ஊர்ப் பக்கம் மழை பெய்து போர்வெல்லிலும் கொஞ்சம் தண்ணி ஊறுது, மேடம் சௌக்கியமா, உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா என்று நின்ற வாக்கிலேயே சொல்லியும் கேட்டும் முடித்தார். பிறகு கல்யாணியின் கையிலிருந்த பூக்கூடையையும் வாங்கிக்கொண்டு, மீதிப் படிகளையும் நிற்காமல் ஏறினார். மேல்படியில் போய் நின்று, கீழே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, அந்த மலைக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"இன்னா சார், மூச்சு வாங்குதுங்களா? மெதுவா வாங்க, நான் நிக்கிறேன்!"